கழற்றுவதும் பூட்டுவதும்

கழற்றிய முறையைத் தலைகீழாக்கினால் பூட்டும் முறை தானே விளங்கும் என்று பலர் கூறக் கேட்டிருக்கின்றோம். நாற்காலிக்கும் மேசைக்கும் இக்கூற்றுப் பொருந்தலாம். மோட்டார் வண்டியின் டிபரன்சியலுக்கு இஃது ஒருசிறிதும் பொருந்தாது என்பது எமது துணிபு.

வண்டி வளைவில் திரும்புங்கால் வெளிப்புறச் சக்கரம் உட்புறச் சக்கரத்தினும் மிகுந்த தூரம் ஓடவேண்டும். இரண்டையும் ஒரே அச்சில் இறுகப் பிணைத்துவிட்டால் சக்கரம் தரையில் இழுபட்டுத் தேயும். எஞ்சினின் விசையை இரண்டிற்கும் அளித்து, அவை வெவ்வேறு வேகத்தில் சுழலவும் இடந்தருவதே டிபரன்சியலின் தொழில். பிரெஞ்சு நாட்டுக் கடிகாரத் தொழிலாளராகிய ஒனேசிபோர் பெக்கர் என்பார் 1820-களின் இறுதியில் நீராவி வண்டிக்கென இதனை அமைத்து உரிமை பெற்றார்.

பின்சக்கரங்களால் இயங்கும் வண்டியில் இது பின் அச்சின் நடுவே உள்ளது. இதன் கிரவுன் வீலும் பினியனும் ஒன்றோடொன்று தேய்த்து இணையாக்கப்பட்டவை. ஒன்று பழுதுற்றால் இரண்டையும் மாற்றவேண்டும். பேரிங் மூடிகள் வலம் இடம் மாறலாகாது. ஆதலின் கழற்றுமுன்னரே அடையாளமிடல் வேண்டும். பற்களுக்கிடையே விடவேண்டிய இடைவெளியோ பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்கே. அது குறைந்தால் பற்கள் சூடேறித் தேயும், மிகுந்தால் தட்டும். மெல்லிய ஷிம் தகடுகளைச் சேர்த்தும் நீக்கியும் அவ்வளவைப் பெறல் வேண்டும். பின்னர்ப் பற்களிற் சாயந் தடவிச் சுழற்றி, சுவடு உரிய இடத்திற் படிகின்றதா என நோக்கல் வேண்டும். படியாவிடின் மீண்டும் கழற்றவேண்டியதே.

இங்கேதான் தொழிலாளியின் மனச்சான்று சோதிக்கப்படுகின்றது. கூட்டை மூடியபின் உள்ளிருக்கும் பிழையை யாரும் காணார். வண்டியும் அன்று ஓடவே செய்யும். பல நாள் சென்ற பின்னரே ஊளையிடத் தொடங்கும். பற்கள் முறிந்து, ஓடும்போதே சக்கரங்கள் இறுகிவிடின் உயிருக்கே கேடு. அப்பொழுது தொழிலாளியைப் பழிப்போம். "மாலைக்குள் வண்டி வேண்டும்" என்று அவரை நெருக்கிய நாமும் அப்பிழைக்கு உடந்தையல்லமோ?

கையில் எண்ணெய்க்கறை படிந்தோரைத் தாழ்வாகக் கருதும் வழக்கம் கற்றோரிடையே இன்னும் அற்றொழியவில்லை. பரிசோதனைச் சாலையில் நாம் அளவு பிழைத்தால் மதிப்பெண் குறையும். பட்டறையில் அவர் அளவு பிழைத்தால் பிறர் உயிர் இடர்ப்படும். அவரிடம் நாம் கற்கவேண்டியது அளந்து அறியும் பொறுமையும், தவறெனக் கண்டதை மீண்டும் கழற்றும் நேர்மையுமாம். ஆதலின், மாணவ நண்பர்களே, அத்தகையோர்க்குக் கூலியோடு வேண்டிய காலத்தையும் மனமுவந்து அளிப்போமாக.