பரோட்டாக் கல்லை உள்ளே தள்ளாதீர்கள்

விருதுநகரில் பர்மா கடைக்கு யாரும் வழி சொல்லிவிடுவார்கள். எண்ணெயில் மொறுமொறுவெனப் பொரித்த பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, சால்னாவை ஊற்றி, அது ஊறும்வரை காத்திருக்கிற சுகம் எங்கள் ஊருக்கே உரியது. 1942-இல் நடந்தும், 1960-களில் கப்பலேறியும் பர்மாவிலிருந்து திரும்பியவர்களின் கதைகளைக் கேட்டு வளர்ந்த மாவட்டம் இது. அந்தப் பெயரே எங்களுக்கு ஒரு நினைவு. இப்போது மாவட்டமெங்கும் பழைய ஹோட்டல்களைப் புதுப்பிக்கிறார்கள். கண்ணாடிக் கதவும் ஏசியும் வரட்டும், குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு அது தேவைதான். ஆனால் வாசலில் இருந்த கல்லை உள்ளே தள்ளிவிட்டால், தெருமுனை வரை வந்து இழுத்த அந்த வாசனையும் மாஸ்டர் மாவை வீசுகிற அழகும் போய்விடும். சென்னையில் 1962-இல் தொடங்கிய உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் 2008-இல் மூடப்பட்டது. அந்த இடம் செம்மொழிப் பூங்காவானது. மரத்தடியில் காரிலேயே காபி குடித்தவர்கள் இன்றும் ஏங்குகிறார்கள். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 1956-இல் பாலினீசியத் தீவுகளின் பாணியில் கட்டிய மாய்-காய் உணவகம், 2020-இல் மழையில் கூரை சேதமாகி மூடியது. பழைய முகம் மாறாமல் சீரமைத்து 2024-இல் திறந்தபோது ரசிகர்கள் திரண்டு வந்தார்கள். ஹோட்டல் முதலாளிகளே, சுவரை இடிக்கும் முன் இருபது வருடமாக வருகிற வாடிக்கையாளர் ஒருவரை அழைத்து, எதைத் தொடக்கூடாது என்று கேளுங்கள்.