கான்சல் யாருடைய ஆள்?

நெய்வேலிச் சுரங்கத்திற்கு நிலம் கொடுத்த உழவர்களுக்கும் சுரங்க நிறுவனத்திற்கும் இடையே மனத்தாங்கல் எழும்போதெல்லாம், நடுவில் வந்து நிற்பவர் ஒரு சர்க்கார் அதிகாரி. நிலத்தை அளப்பவர் அவர். நஷ்ட ஈட்டை நிர்ணயிப்பவர் அவர். போலீசார் புடைசூழ வந்து நிலத்தை ஒப்படைக்கச் சொல்பவரும் அவரே. அவர் யாருடைய ஆள் என்று உழவர் கேட்கின்றனர். இக்கேள்வியை அவமரியாதை என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் பூமிக்குள் பொருள் கண்ட இடமெங்கும் பிறக்கும் கேள்வி இது. நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்னர்ப் பாரசீக மாகாணம் ஒன்றில் இதற்குக் கிடைத்த விடையை நேயர்கள் அறிதல் நன்று. அங்கே காவல் நின்ற சிப்பாய்கள் நம்மவர். அந்த உத்தியோகங்களுக்கான செலவில் நம் நாட்டு வரிப்பணமும் கலந்திருந்தது.

கான்சல் என்ற உத்தியோகத்தின் இலக்கணம் யாவரும் அறிந்ததே. அந்நிய நாட்டில் தன் நாட்டுப் பிரஜைகளின் உயிருக்கும் உடைமைக்கும் துணை நிற்பதும், வியாபாரச் செய்திகளை அனுப்புவதும், பத்திரங்களில் முத்திரையிடுவதும் அவர் கடமைகள். அன்று அரபிஸ்தான் என்றும் இன்று குஸிஸ்தான் என்றும் வழங்கும் தென்மேற்குப் பாரசீக மாகாணத்தில், காரூன் நதிக்கரையிலுள்ள அஹ்வாஸ் நகரில், ஆங்கிலச் சர்க்காரின் உதவிக் கான்சல் காரியாலயம் ஒன்று இருந்தது. அதில் அமர்ந்திருந்த லாரிமர் இந்தியச் சர்க்காரின் ராஜீய இலாகாவைச் சேர்ந்தவர். புஷயர் துறைமுகத்தில் ராஜப் பிரதிநிதியாகவும் கான்சல் ஜெனரலாகவும் வீற்றிருந்த பெர்ஸி காக்ஸும் அவ்விதமே.

1901 மே 28-ஆம் தேதி, வில்லியம் நாக்ஸ் டார்ஸி என்ற ஆங்கிலத் தனவந்தர் பாரசீக மன்னரிடமிருந்து ஓர் உரிமைப் பத்திரம் பெற்றார். வடபாகத்து ஐந்து மாகாணங்கள் நீங்கலாக நாடு முழுவதிலும் அறுபது ஆண்டுகளுக்கு எண்ணெய் எடுக்கும் உரிமை அது. மன்னருக்குக் கிடைத்தது 20,000 பவுன் ரொக்கம், அதே மதிப்புள்ள பங்குகள், நிகர லாபத்தில் நூற்றுக்குப் பதினாறு. ஆனால் எண்ணெய் இருந்த மலைகளில் பக்தியாரி கான்களின் சொல்லே சட்டமாயிருந்தது. அவர்களை இணங்கச் செய்யும் வேலையை மேற்கொண்டவர் இஸ்பஹானில் இருந்த ஆங்கிலக் கான்சல் ஜெனரல் பிரீஸ். 1905-இல் கையெழுத்தான உடன்படிக்கைப்படி, கான்களுக்கு நூற்றுக்கு மூன்று பங்கும், காவலுக்காக ஆண்டுதோறும் ஒரு தொகையும் கிடைத்தன. சர்க்கார் சம்பளம் பெறும் உத்தியோகஸ்தர் தனியார் வியாபாரத்திற்குத் தரகரானார் என்பதைத் தவிர இதற்கு வேறு பெயரில்லை.

கான்களின் காவலில் கம்பெனிக்குத் திருப்தி ஏற்படவில்லை. 1907-ஆம் ஆண்டின் கடைசியில், ஆர்னால்டு வில்ஸன் என்ற இளம் லெப்டினென்டின் தலைமையில் வங்காள லான்ஸர் குதிரைப்படையைச் சேர்ந்த இந்தியச் சிப்பாய்கள் சிலர் அங்கே அனுப்பப்பட்டனர். அஹ்வாஸ் கான்சல் காரியாலயத்தின் காவலைப் பலப்படுத்துவதற்கென்று வெளிக்குச் சொல்லப்பட்டது. அவர்கள் போய் நின்றதோ எண்ணெய்க் கிணறு துளைக்கும் இடத்தில். 1908 மே 26-ஆம் தேதி மஸ்ஜித் சுலைமானில் எண்ணெய் பீறிட்டெழுந்தபோது, அதைக் காத்து நின்றது இந்தியத் துப்பாக்கி. இந்திய எல்லைக்கு அப்பால் ஏகாதிபத்தியம் நடத்தும் செலவை இந்தியக் குடியானவன் தலையில் ஏற்றலாகாதென்று, 1895-இல் அமைக்கப்பட்ட வெல்பி கமிஷனில் அங்கத்தினராக அமர்ந்து தாதாபாய் நௌரோஜி வாதாடியதன் உட்பொருள் இத்தகைய நிகழ்ச்சிகளிலேதான் விளங்குகிறது.

1909-இல் ஆங்கிலோ-பாரசீக எண்ணெய்க் கம்பெனி பதிவாயிற்று. சுத்திகரிப்பு ஆலைக்கு அபாதான் தீவில் இடம் வேண்டியிருந்தது. அவ்வாண்டு ஜூலையில் முகமரா ஷேக் கஸலோடு பேரம் பேசி முடித்தவர் கம்பெனி ஏஜெண்டு அல்லர், பெர்ஸி காக்ஸ்தாம். ஆண்டு வாடகை 650 பவுன். ஷேக்குக்குக் கடனாக 10,000 பவுன். அந்த மண்ணில் பேரீச்சை பயிரிட்டுப் பிழைத்த அராபியக் குடியானவர்களின் கையெழுத்து அப்பத்திரத்தில் இல்லை. கோர்ட்டில் வாதிக்கும் பிரதிவாதிக்கும் ஒரே வக்கீல் ஆஜரானால் எந்த நீதிபதியும் அனுமதிக்க மாட்டார். குஸிஸ்தானில் நடந்தது அதனினும் கொடியது: அங்கே வக்கீலும் நீதிபதியும் அமீனாவும் ஒருவரே.

பிரஜைகளைக் காப்பதே கான்சலின் தர்மம் என்றால், அபாதான் ஆலையில் உழைத்த இந்தியத் தொழிலாளர்களும் ஆங்கிலச் சர்க்காரின் பிரஜைகளே அல்லவா? கூலி உயர்வும் மனிதருக்குரிய வாழ்க்கையும் கோரி அவர்கள் 1920-இலும் 1922-இலும் வேலைநிறுத்தம் செய்தனர். அதன் முடிவில் பலர் கப்பலேற்றித் தாய்நாட்டிற்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். 1907-இல் கம்பெனியின் கிணற்றைக் காக்கக் குதிரைப்படை வந்தது. 1922-இல் பிரஜைகளின் வயிற்றைக் காக்க ஒருவரும் வரவில்லை. யாருடைய ஆள் என்ற கேள்விக்கு இதனினும் தெளிவான விடை வேண்டுவதில்லை.

இதற்கிடையே 1914-இல் ஆங்கிலச் சர்க்காரே கம்பெனியின் பெரும்பான்மைப் பங்குகளை வாங்கிக்கொண்டது. ஜனங்கள் மனத்தில் கான்சலுக்கும் கம்பெனிக்கும் வேறுபாடு இல்லாமற் போயிற்று. 1951-இல் டாக்டர் மொஸாதெக்கின் முயற்சியால் எண்ணெய் தேசிய உடைமையாயிற்று. 1952 ஜனவரியில் மாகாணங்களிலிருந்த ஆங்கிலக் கான்சல் காரியாலயங்கள் அனைத்தையும் மூடுமாறு ஈரான் சர்க்கார் உத்தரவிட்டது. மறு ஆண்டே ஆங்கில, அமெரிக்கச் சூழ்ச்சியால் மொஸாதெக் வீழ்த்தப்பட்டார் என்பதும் சரித்திரமே. எனினும் ஐம்பது ஆண்டுகள் நடுநிலை வேஷம் போட்ட ஓர் உத்தியோகம், வேஷம் கலைந்ததும் ஒரே உத்தரவில் மறைந்தது.

இதனால் அந்த உத்தியோகமே தீயதென்று நாம் கூறவில்லை. 2020-இல் கொள்ளைநோய்க் காலத்தில், ஈரானில் மீன்பிடித் தொழிலுக்குச் சென்ற தமிழர் பலர் ஊர் திரும்ப வழியின்றித் தவித்தனர். இந்தியத் தூதரகத்தார் பட்டியல் தயாரித்தனர். ‘ஜலஷ்வா’ என்ற நம் கடற்படைக் கப்பல் பந்தர் அப்பாஸ் துறைமுகத்திலிருந்து 687 பேரை ஏற்றிக்கொண்டு ஜூலை முதல் தேதி தூத்துக்குடி வந்து சேர்ந்தது. அதே பாரசீகக் கரை. அதே வகை உத்தியோகம். எஜமானர் மாறியதும் வேலையின் குணமும் மாறிற்று.

இனி நெய்வேலிக்கு வருவோம். குஸிஸ்தானும் நெய்வேலியும் ஒன்றென்று சொல்வது அநியாயம். ஜம்புலிங்க முதலியாரின் நிலத்துக் கிணற்றில் வெளிப்பட்ட கரிய பொருளைத் தோண்ட வந்தது அந்நியக் கம்பெனியன்று. காமராஜர் முதன்மந்திரியாயிருந்த காலத்தில், 1956-இல் பதிவான பொது நிறுவனம் அது. 1957 மே 20-ஆம் தேதி நேருஜி சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். 1962-இல் சோவியத் உதவியோடு மின்சாரம் பிறந்தது. வட்டம் வட்டமாகப் பிரித்து, மரம் நட்டு, பள்ளியும் மருத்துவமனையும் கட்டிய நகரியம் தமிழ்நாட்டிற்கே பெருமை. தென்னாட்டிற்கு அதன் மின்சாரம் செய்த உபகாரத்தை மறப்பவர் நன்றி கொன்றவராவர்.

ஆயினும் 2023 ஜூலையில் வளையமாதேவி வயல்களில் நாம் கண்டதென்ன? பரவனாற்றின் மாற்றுக் கால்வாய்க்காகப் பசும் நெற்பயிரின்மீது இயந்திரங்கள் ஏறின. போலீசார் காவல் நின்றனர். நிலம் முன்னரே கையகப்படுத்தப்பட்டது என்பது நிறுவனத்தின் வாதம். அது சட்டப்படி வலுவுள்ள வாதமே. பயிர் வைக்கும்வரை பார்த்திருந்து கதிர் வரும் முன் அழிப்பது தர்மமா என்பது உழவரின் வாதம். சென்னை உயர்நீதிமன்றம் ஏக்கருக்கு 40,000 ரூபாய் பயிர் நஷ்ட ஈடு தருமாறு கூறிய பின்னரே அந்த வாதத்திற்கு மதிப்புக் கிடைத்தது. கோர்ட்டுப் படியேறுமுன் இதைச் சொல்லியிருக்க வேண்டியவர் நடுவில் நின்ற அதிகாரி அல்லரோ? பொது நிறுவனம் என்ற பெயர் மட்டும் அவருடைய நடுநிலைக்கு ஜாமீன் ஆகாது. 1914-க்குப் பின் ஆங்கிலோ-பாரசீகக் கம்பெனியும் ஒரு சர்க்காரின் கம்பெனியே.

ஆதலின் மூன்று காரியங்களை நாம் வற்புறுத்துகிறோம். நில உரிமையாளரோடு செய்யும் உடன்படிக்கை, விலை நிர்ணயம், மறுவாழ்வு உறுதிமொழி ஆகிய அனைத்தையும் எளிய தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு கிராமசபையிலும் வைக்க வேண்டும். நிலத்தை ஒப்படைக்கும் அதிகாரியே உழவரின் குறையை விசாரிக்கும் அதிகாரியாகவும் இருத்தலாகாது. விசாரணை சுதந்திரமான வேறொருவரிடம் இருக்க வேண்டும். மூன்றாவதாக, 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அதற்கு முந்தைய குத்தகைகளுக்கு ராயல்டித் தொகையில் நூற்றுக்கு முப்பது வீதம் மாவட்டக் கனிம அறக்கட்டளைக்குச் சேர வேண்டும். அப்பணம் எந்த ஊருக்கு என்ன செய்தது என்ற கணக்கை, நிலம் இழந்த ஊரார் முன்னிலையிலேயே படிக்க வேண்டும்.

இவை பெரிய கோரிக்கைகளல்ல. ஏகாதிபத்தியத்தின் கான்சல்கூடக் கான்களுக்கு நூற்றுக்கு மூன்று பங்கு வாங்கித் தந்தார். உழுதவனை மட்டுமே மறந்தார். சுதந்திர இந்தியாவின் அதிகாரி உழுதவனை முதலில் நினைப்பவராயிருக்க வேண்டும். சுரங்கம் நடக்கட்டும், விளக்கு எரியட்டும். நிலம் கொடுத்தவன் தன் வாசலுக்கு வரும் அதிகாரியைப் பார்த்து, ‘இவர் என் ஆள்’ என்று சொல்லும் நாளை நம் சர்க்கார்கள் கொண்டுவருமாக.