பிரேக்குக்குத் தர்ற மரியாதையை ஷாக்குக்கும் தாங்க

உங்க வீட்டுல பத்து வருஷம் தாண்டின கார் இருக்கா? ஸ்பீடு பிரேக்கர்ல ஏறி இறங்கும்போது முன்பக்கம் "டக் டக்"னு சத்தம் வருதா? பாட்டு சவுண்டைக் கூட்டி வச்சுட்டு ஓட்டுறீங்கன்னா, இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

பிரேக் பிடிக்கலைன்னா அன்னைக்கே வண்டியைப் பட்டறையில விடுவோம். ஷாக் அப்சார்பர் போனா மட்டும் "ஓடுற வரைக்கும் ஓடட்டும்". சஸ்பென்ஷன்னா சொகுசு சமாச்சாரம்னு ஒரு நினைப்பு. நான் சொல்றது, அது பாதுகாப்பு சமாச்சாரம்.

டைனமிக்ஸ் ஆஃப் மெஷினரி பேப்பர்ல மாஸ், ஸ்பிரிங், டாம்ப்பர்னு மூணையும் வரைஞ்சு கணக்கு போட்டோமே, ஞாபகம் இருக்கா? பள்ளத்துல விழுந்த சக்தியை ஸ்பிரிங் வாங்கி வச்சுக்கும். ஷாக் உள்ளே ஆயில் சின்ன ஓட்டைகள் வழியா நெருக்கிப் போகும்போது, அந்த சக்தி சூடா மாறி வெளியே போகும். ஆயில் லீக் ஆயிடுச்சுன்னா 'c' குறையுது, டயர் குதிக்குது. தரையைத் தொடாத டயருக்கு எவ்வளவு நல்ல பிரேக் இருந்தும் பிரயோஜனம் இல்ல. ஏபிஎஸ்ஸும் தரைப்பிடிப்பு இருந்தாத்தான் வேலை செய்யும்.

இதுல பெரிய ஆபத்து, இது ஒரே நாள்ல போறது இல்ல. கொஞ்சம் கொஞ்சமா போகும்; ஓட்டுறவர் பழகிடுவார். எங்க வீட்டு 2009 சான்ட்ரோவை அப்பா தினமும் படப்பையில இருந்து வண்டலூர் - வாலாஜாபாத் ரோட்டுல ஓட்டுறார். ஒரகடம் போற கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவுல. "நல்லாத்தானே போகுது"ம்பார். பக்கத்துல உட்கார்ற எனக்குத்தான் வண்டி ஆடுறது தெரியும்.

1998-ல ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில இருந்து வந்த முதல் சான்ட்ரோ, அதுக்கும் முன்னாடி 1983-ல வந்த மாருதி 800, ரெண்டுலயும் முன்பக்கம் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட்தான். இந்த அமைப்புல ஷாக் வெறும் ஷாக் இல்ல; சக்கரத்தைப் பிடிச்சு நிறுத்துற தூணும் அதுவே. ஸ்டியரிங் திருப்பினா அதுவும் சேர்ந்து திரும்பும். அதனாலதான் "ஸ்ட்ரட் மட்டும் மாத்துங்கண்ணே"ன்னு பேரம் பேசறது தப்புக் கணக்கு.

ஸ்ட்ரட்டைக் கழட்டும்போதே மேல இருக்கற மவுண்ட், பேரிங், பம்ப் ஸ்டாப், டஸ்ட் கவர் எல்லாம் கையில வந்துடும். ரப்பர் வெடிச்சிருந்தா அப்பவே மாத்திடுங்க. பின்னாடி மாத்தணும்னா அதே கூலியை இன்னொரு தடவை கொடுக்கணும். லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயிண்ட், லிங்க் ராடு மூணையும் ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்க. பல வண்டியில "டக் டக்"குக்குக் காரணம் இதுங்கதான். இடது, வலது ரெண்டையும் ஜோடியா மாத்துங்க. ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் பழசுன்னா வண்டி சமமா நிக்காது. கடைசியா வீல் அலைன்மென்ட். அதை மிச்சம் பிடிச்சா புது டயர்தான் தேயும்.

இன்னொரு விஷயம் பலர் கவனிக்கிறது இல்ல. லோயர் ஆர்ம் புஷ் போல்ட்டை, சக்கரம் அந்தரத்துல தொங்கும்போதே முழுசா முறுக்கிடறாங்க. வண்டியை இறக்கினதும் அந்த ரப்பர் முறுக்கிக்கிட்டே நிக்கும், சீக்கிரம் கிழியும். வண்டி எடை சக்கரத்துல இறங்கின பிறகு கடைசி முறுக்கு போடணும். மெக்கானிக் அண்ணன்கிட்ட பணிவா கேட்டா செஞ்சு தருவார். ஆனா யூடியூப் பார்த்து நீங்களே காயில் ஸ்பிரிங்கைக் கழட்டாதீங்க. அழுத்தி வச்ச ஸ்பிரிங் தெறிச்சா கை போயிடும்.

"பழைய வண்டிக்கு இவ்வளவு செலவா?"ன்னு வீட்டுல கேட்பாங்க. 15 வருஷம் முடிஞ்ச காருக்கு ஆர்.சி. புதுப்பிக்கற கட்டணம் 2022 ஏப்ரல்ல 600-ல இருந்து 5,000 ரூபாய் ஆச்சு. வண்டியை வச்சுக்க அதைக் கட்டுறோம். அந்த வண்டி ரோட்டைப் பிடிச்சு நிக்கறதுக்குக் கொடுக்க மட்டும் ஏன் யோசிக்கணும்? பாடி துருப்பிடிச்சு, இன்ஜினும் போயிருந்தா வித்துடுங்க, அது நியாயம். ஓட்டப்போறோம்னு முடிவு பண்ணிட்டா முழுசா செய்யுங்க.

இந்த ஞாயித்துக்கிழமை ஒரு வேலை. பானட் மூலையில அழுத்தி விடுங்க. வண்டி ஒரு தடவை எழும்பி நிக்கணும். ஆடிக்கிட்டே இருந்தா ஷாக் போச்சு. ஆடலைன்னாலும் குனிஞ்சு ஸ்ட்ரட்ல ஆயில் கசிவு இருக்கா, டயர்ல மேடும் பள்ளமுமா தேய்மானம் இருக்கான்னு பாருங்க. நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சதுக்கு, வீட்டுக்கு இதையாவது செய்வோமே.