பழைய பாக்கிக்குக் காலாவதி கிடையாது

‘பழைய கணக்கை ஏன் இப்போது கிளறுகிறீர்கள்?’ இதைக் கேட்கும் உரிமை இந்த நாட்டில் எல்லோருக்கும் இல்லை. பாக்கி வைத்தவர் கேட்டால் அது சட்டத்தின் ஆட்சி பற்றிய கவலையாகிவிடும். பாக்கி வரவேண்டியவர் பழைய கணக்கை எடுத்தால் அதற்கு வன்மம் என்று பெயர்.

வோடஃபோன் கதையைப் பாருங்கள். 2007-இல் ஹட்சிசனின் இந்தியச் செல்பேசித் தொழிலை வோடஃபோன் வாங்கியது. ஆனால் காகிதத்தில் கைமாறியது கேமன் தீவுகளில் பதிவான ஒரு கம்பெனியின் பங்கு. ஆகவே இந்தியாவில் வரி கட்டத் தேவையில்லை என்றது நிறுவனம். 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. அதே ஆண்டு காங்கிரஸ் கூட்டணி அரசு வருமான வரிச் சட்டத்தை 1962 முதலே செல்லுபடியாகும் விதத்தில் திருத்தியது. இதைத்தான் முன்தேதியிட்ட வரி என்கிறார்கள். நாடே இடிந்து விழுந்ததுபோல் பேசினார்கள். ‘வரி பயங்கரவாதம்’ என்று பெயரும் வைத்தார்கள். 2021 ஆகஸ்டில் மோடி அரசு அந்தத் திருத்தத்தைக் கைவிட்டு, வசூலித்த சுமார் 8,100 கோடி ரூபாயைத் திருப்பித் தர முன்வந்தது. அதில் ஏறத்தாழ 7,900 கோடி கெய்ர்ன் என்ற ஒரே நிறுவனத்துடையது.

நேற்றுவரை இல்லாத சட்டத்தை இன்று எழுதி நேற்றைய செயலுக்குத் தண்டிப்பது தவறு என்ற கொள்கையில் எனக்கும் மறுப்பில்லை. இல்லாத சட்டத்தைப் பின்னோக்கி வீசுவது வேறு. இருந்த சட்டத்தை ஏய்த்துச் சேர்த்த பாக்கியைத் தாமதமாகக் கேட்பது வேறு. இந்த இரண்டையும் வேண்டுமென்றே ஒன்றாக்கிக் குழப்பித்தான் ‘பழைய கணக்கைக் கிளறாதே’ என்கிறார்கள். இதைப் புரிந்துகொள்ள கேமன் தீவுகள்வரை போகவேண்டியதில்லை. தாமிரபரணிக் கரையில் முக்கூடல்வரை போனால் போதும்.

இரண்டு இருபதுகள்

முக்கூடல், வீரவநல்லூர், மேலப்பாளையம், ஆலங்குளம், கடையம் என்று இன்றைய நெல்லை, தென்காசி மாவட்டங்களின் ஊர்களில் பீடி சுற்றாத தெருவைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். சுற்றுகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். கம்பெனி இலையையும் தூளையும் கான்ட்ராக்டரிடம் கொடுக்கிறது. அவர் பீடிக்கடையில் வைத்துப் பெண்களுக்கு எடைபோட்டுக் கொடுக்கிறார். அவர்கள் வீட்டில் தட்டை மடியில் வைத்துச் சுற்றி, கட்டாக்கிக் கடையில் ஒப்படைக்கிறார்கள். சரியில்லை என்று கழித்த பீடிக்குக் கூலி கிடையாது. லேபிள் கம்பெனியுடையது, லாபமும் கம்பெனியுடையது. ‘இவர்களுக்கு முதலாளி யார்?’ என்று கேட்டால் மட்டும் கம்பெனி கான்ட்ராக்டரைக் காட்டும், கான்ட்ராக்டர் கம்பெனியைக் காட்டுவார்.

இந்த ஏற்பாடு தற்செயலாக வந்ததல்ல. இதற்குள் இரண்டு இருபதுகள் இருக்கின்றன. ஜிஎஸ்டி வருவதற்கு முன்பு, இயந்திரம் இல்லாமல் ஆண்டுக்கு 20 லட்சம் பீடிவரை தயாரிக்கும் உற்பத்தியாளருக்குக் கலால் வரி விலக்கு இருந்தது. ஆண்டுக்கு முந்நூறு வேலைநாள் என்று வைத்தால், நாளொன்றுக்குச் சுமார் ஆறாயிரத்து எழுநூறு பீடி. எட்டுப் பத்துப் பெண்கள் சுற்றுகிற அளவு. இன்னொரு இருபது, தொழிலாளர் எண்ணிக்கை. 20 பேர் வேலை செய்யும் நிறுவனத்துக்குத்தான் வருங்கால வைப்பு நிதிச் சட்டம், அதாவது பி.எஃப். பொருந்தும். ஒரு பெரிய கம்பெனியைப் பல சின்னப் பெயர்களாக உடைத்தால் முதல் இருபதிலிருந்து தப்பலாம். தாய், மகள், மருமகள் மூவரும் சுற்றும் பீடியை ஒரே பாஸ்புக்கில் எழுதினால் இரண்டாவது இருபதிலிருந்து தப்பலாம். வரி ஏய்ப்பும் கூலி ஏய்ப்பும் ஒரே பேரேட்டில்தான் எழுதப்பட்டன.

புதிய சட்டமா, பழைய பாக்கியா?

பீடித் தொழிலுக்கு பி.எஃப். சட்டம் பொருந்தத் தொடங்கிய நாள் 1977 மே 31. உடனே கம்பெனிகள் நீதிமன்றம் போயின. வீட்டில் உட்கார்ந்து சுற்றுகிறவள் எங்கள் தொழிலாளியே அல்ல என்பது அவர்கள் வாதம். 1985-இல் பி.எம். படேல் அண்ட் சன்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளியது. பீடியைக் கழிக்கும் உரிமை உன்னிடம் இருக்கிறதல்லவா, அதுவே அவளை நீ மேற்பார்வை செய்கிறாய் என்பதற்குச் சான்று என்றது. எந்தக் கழிவைக் காட்டி அவளுடைய கூலியைப் பிடித்தார்களோ, அந்தக் கழிவே அவளைத் தொழிலாளி என்று நிரூபித்தது.

அதன் பிறகும் விடவில்லை. 1985-க்குப் பிறகுதானே தெளிவு வந்தது, அதற்கு முந்தைய காலத்துக்கு எங்களிடம் கேட்கலாமா என்றார்கள். 2001-இல் எஸ்.கே. நசிருதீன் பீடி மெர்ச்சன்ட் வழக்கில் அதற்கும் பதில் கிடைத்தது. பொறுப்பு சட்டம் பொருந்திய நாளிலிருந்தே தொடங்குகிறது, தீர்ப்பு வந்த நாளிலிருந்து அல்ல. நீ வழக்கு நடத்திக்கொண்டிருந்தாய் என்பதற்காகச் சட்டம் தூங்கிக்கொண்டிருக்காது. 1977-க்கும் 2001-க்கும் இடையே 24 ஆண்டுகள். பீடி சுற்றும் ஒரு பெண்ணின் உழைக்கும் வயதில் முக்கால்வாசி அது.

கான்ட்ராக்டரின் புலம்பல்

பழைய காலத்துக்கான நோட்டீஸ் வந்தால் கான்ட்ராக்டர் சொல்வது இதுதான்: ‘ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கமிஷன் வாங்கினேன். கம்பெனி சொன்னபடி செய்தேன். இத்தனை வருஷப் பாக்கியை நான் எங்கே போய்க் கட்டுவேன்?’ இதில் பாதி உண்மை இருக்கிறது. இவரும் பல நேரம் அதே ஊர்க்காரர், பெரிய சொத்துக்காரரும் அல்ல. ஏய்ப்பைத் திட்டமிட்டவர் ஒருவர், கையெழுத்துப் போட்டவர் இன்னொருவர். நோட்டீஸ் கையெழுத்தைத் தேடி வருகிறது.

மீதிப் பாதியையும் சொல்லியாகவேண்டும். பெண்களின் பெயரைப் பதிவேட்டில் விட்டது இவருடைய கைதான். அதற்காகத்தான் அந்தக் கமிஷன். ஆகவே அவருக்கு மன்னிப்புக் கேட்டு நாம் ஊர்வலம் போகத் தேவையில்லை. சட்டம் வழியை ஏற்கெனவே சொல்லியிருக்கிறது. கான்ட்ராக்டர் மூலம் வேலை வாங்கினாலும் பங்களிப்பை முதலில் கட்டவேண்டியவர் முதன்மை முதலாளி. பிறகு அவர் கான்ட்ராக்டரிடம் வசூலித்துக்கொள்ளட்டும். தொழிலாளியின் பங்கைப் பழைய தேதியிட்டு அவளுடைய இன்றைய கூலியில் பிடிக்கவும் கூடாது. சிக்கல் சட்டத்தில் இல்லை, அதைப் பெரிய கதவைத் தட்டாமல் சின்னக் கதவை மட்டும் தட்டுவதற்குப் பயன்படுத்துவதில் இருக்கிறது.

இது ஏன் சாதிப் பிரச்சினை?

பீடி எல்லாச் சாதிப் பெண்களும் சுற்றும் தொழில்தானே என்று தோழர்கள் கேட்கலாம். தலித், முஸ்லிம், பிற்படுத்தப்பட்ட சாதிப் பெண்கள் எல்லோரும் சுற்றுகிறார்கள். ஆனால் ஒரே இடத்தில் உட்கார்ந்து சுற்றுவதில்லை. தெருவுக்குத் தெரு வேலை பிரிகிறது. நம் ஊரில் தெரு என்றால் சாதி. ஆலை கட்டினால் இவர்கள் ஒன்றாக உட்காரவேண்டும், ஒன்றாகச் சாப்பிடவேண்டும், ஒன்றாகச் சங்கம் வைக்கவேண்டும். வீட்டுக்கே வேலையைக் கொண்டுபோய்க் கொடுத்தால் சுவர் கட்டும் செலவு முதலாளிக்கு மிச்சம். சாதி ஏற்கெனவே கட்டிவைத்த சுவர் இருக்கிறது. அதோடு ஆணாதிக்கமும் சேர்ந்து, எட்டுமணி நேர உழைப்பை ‘வீட்டில் சும்மா இருக்கும்போது செய்வது’ என்று பெயர் மாற்றிவிட்டது.

‘பழைய கணக்கைக் கிளறாதே’ என்ற குரலையும் நாம் வேறிடத்தில் கேட்டிருக்கிறோம். இடஒதுக்கீடு என்றதும் ‘தாத்தா செய்ததற்குப் பேரன் ஏன் கொடுக்கவேண்டும்’ என்று கேட்கும் குரல் அது. தாத்தாவின் நிலத்தையும் படிப்பையும் பேரன் வாங்கிக்கொண்டான், கடனை மட்டும் வாங்க மறுக்கிறான்.

பஞ்சமி நிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891-இல் கொடுத்த அறிக்கையை அடுத்து, 1892-இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்கப்பட்டது. பத்து ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன் பிறகும் பட்டியல் சாதியினர் அல்லாதவருக்குக் கைமாறக் கூடாது என்பது நிபந்தனை. இன்று மீட்கச் சொன்னால், இத்தனை வருஷம் கழித்துக் கேட்பது நியாயமா என்கிறார்கள். அந்த நிபந்தனை யாரும் இன்று எழுதிப் பழைய தேதி போட்டதல்ல. நிலம் கொடுத்த அன்றே எழுதியது. தாமதம் பறிகொடுத்தவனின் குற்றமா?

இப்போது கதவைச் சாத்துகிறார்கள்

இதை இன்று எழுதக் காரணம் உண்டு. பி.எஃப். பாக்கியை நிர்ணயிக்கும் விசாரணையைத் தொடங்க 1952-ஆம் ஆண்டுச் சட்டம் கால எல்லை எதையும் வைக்கவில்லை. 2020-இல் இயற்றி, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வருவதாக அறிவிக்கப்பட்ட சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் ஐந்தாண்டு எல்லை வைக்கிறது. ஐந்தாண்டுக்கு முந்தைய தகராறுக்கு விசாரணையே தொடங்க முடியாது.

பீடி சுற்றும் பெண்ணுக்கு இதன் பொருள் என்ன? பென்ஷனுக்குக் குறைந்தது பத்தாண்டுச் சேவை வேண்டும். தன் பெயர் எத்தனை ஆண்டு விடுபட்டிருக்கிறது என்பது பெரும்பாலும் 58 வயதில் பென்ஷனுக்குப் போகும்போதுதான் தெரியும். முப்பது ஆண்டு சுற்றியவள் பதிவேட்டில் ஒன்பது ஆண்டு மட்டும் இருந்தால், மாதம் 1,000 ரூபாய் என்ற அந்த அற்பக் குறைந்தபட்ச பென்ஷன்கூட இல்லை. விடுபட்ட ஆண்டுகளைத் தோண்டிப் பார்க்கவும் இனி வழியில்லை. பெயர் தெரியாத இன்னொரு மாற்றம்: ஒப்பந்தத் தொழிலாளர் விதிகள் பொருந்தும் எண்ணிக்கையையும் 20-இலிருந்து 50 ஆக உயர்த்திவிட்டார்கள். உடைத்துப் பிரிக்க இன்னும் பெரிய இடம்.

வரிக் கணக்கும் இதே திசையில்தான். ஆயிரம் பீடிக்கு 5 ரூபாய் என்று வசூலித்த நலநிதித் தீர்வை 2017-இல் ஜிஎஸ்டியோடு ஒழிந்தது. பீடித் தொழிலாளர் பிள்ளைகளின் கல்வி உதவித்தொகையும் வீட்டு உதவியும் மருத்துவமனையும் அந்தத் தீர்வையை நம்பி நடந்தவை. 2025 செப்டம்பர் 3 அன்று ஜிஎஸ்டி கவுன்சில் பீடிக்கான வரியை 28 சதவீதத்திலிருந்து 18 ஆகவும், இலைக்கான வரியை 18-இலிருந்து 5 ஆகவும் குறைக்க முடிவெடுத்தது. நலநிதித் தீர்வை அந்த முடிவில் இல்லை.

நாம் கேட்கவேண்டியது இவைதான். பி.எஃப். பாக்கிக்கான ஐந்தாண்டு எல்லையை நீக்கவேண்டும். பழைய பாக்கிக்கான நோட்டீஸ் லேபிள் யாருடையதோ அவருக்கு முதலில் போகவேண்டும். பீடித் தொழிலாளர் அடையாள அட்டையும் பாஸ்புக்கும் சேவைக்காலத்துக்குச் சான்றாக ஏற்கப்படவேண்டும். கான்ட்ராக்டர்கள் தங்கள் பழைய பதிவேடுகளை ஒப்படைக்கட்டும். யாருடைய பீடியை யார் சுற்றினார்கள் என்ற சாட்சியம் அவர்களிடம்தான் இருக்கிறது. நலநிதித் தீர்வை திரும்ப வரவேண்டும்.

கெய்ர்னுக்கு 7,900 கோடியைத் திருப்பித் தரப் பழைய கோப்புகளைத் தேடி எடுக்க முடிந்த அரசுக்கு, முக்கூடலில் ஒரு பெண்ணின் விடுபட்ட இருபது ஆண்டுகளைத் தேடி எடுக்கவும் முடியும். எடுக்கவைக்கவேண்டியது நம் வேலை.