சேற்றுவெளி பாழ்நிலமாமோ?

கடல்நீர் ஏறி வற்றும் சேற்றுவெளியைக் காண்போர் பலர் அதனைப் பயனற்ற பாழ்நிலமென்று எளிதிற் கூறிவிடுகின்றனர். அங்கே மரமில்லை, பயிரில்லை, காலூன்றி நடத்தற்கும் இயலாது. ஆதலின் அதனைத் தூர்த்துத் துறைமுகமோ தொழிற்சாலையோ அமைப்பின் நாட்டிற்கு ஊதியமேயன்றி இழப்பில்லை என்பது அன்னார் வாதம். அவ்வாதம் தீர விசாரியாது கூறப்படுவதென்பதும், விசாரித்தற்குரிய கருவி இன்று மாந்தர் கையில் உளதென்பதும் ஈண்டு யாம் கூற விழைவனவாம்.

அக்கருவி யாது? ஒரே மூலப்பொருளின் அணுக்களுள் எடையால் வேறுபட்டன உள. 1913-ஆம் ஆண்டில் பிரெடெரிக் ஸாடி என்னும் அறிஞர் அவற்றிற்கு ஐசோடோப்புகள் என்று பெயரிட்டார். கார்பன் அணுக்களுள் நூற்றுக்கு ஏறக்குறைய 99 பங்கு 12 என்னும் எடையுள்ளவை. எஞ்சிய 1 பங்கு 13 என்னும் எடையுள்ளவை. இவ்விரண்டும் ரேடியத்தைப் போலச் சிதைந்து கதிர் வீசுவனவல்ல, என்றும் நிலைத்திருப்பன. சேற்றின்மீது படரும் நுண்பாசி, கடல்நீரில் மிதக்கும் நுண்பாசி, ஆறு அடித்துவரும் இலைச்சருகு ஆகிய மூன்றிலும் இவ்விருவகைக் கார்பனின் விகிதம் பெரும்பாலும் வெவ்வேறாயிருக்கும். அவற்றை உண்ணும் பிராணியின் உடலில் அவ்விகிதம் சிறிதே மாறிப் பதிகின்றது. நைட்ரஜனிலோ, ஒன்றையொன்று உண்ணும் வரிசையில் ஒவ்வொரு படி ஏறுந்தோறும் எடைமிக்க அணுவின் விகிதம் சராசரியாக ஆயிரத்துக்கு 3 அல்லது 4 பங்கு மிகும். ஆகவே கார்பன் உணவின் பிறப்பிடத்தையும், நைட்ரஜன் உண்ணும் உயிர் நிற்கும் படியையும் நமக்கு அறிவிக்கின்றன.

இதனால் விளைந்த பயனுக்குக் கனடா தேசத்தின் மேல்கரையினின்று ஓர் உதாரணம் காட்டுவாம். பிரேசர் ஆறு கடலொடு கலக்குமிடத்தில் ராபர்ட்ஸ் பாங்க் என்னும் சேற்றுவெளி உளது. வசந்தகாலத்தில் அலாஸ்காவை நோக்கிச் செல்லும் மேற்கத்திய உள்ளான்கள் அங்கே இறங்கி இரைதேர்கின்றன. ஏறக்குறைய 30 கிராம் எடையுள்ள இச்சிறுபுட்கள் புழுக்களையும் சிறு பிராணிகளையுமே உண்கின்றன என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. சேற்றின்மீது வழவழப்பாய்ப் படிந்துள்ள உயிர்ப்படலத்தையும் இவை நக்கியுண்கின்றன என்று குவாயே என்னும் ஜப்பானிய அறிஞரும் அவர்தம் கூட்டத்தாரும் 2008-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். சலனப்படம், வயிற்றிலிருந்த பொருள், ஐசோடோப்பு ஆகிய மூன்றும் அதற்குச் சான்றாயின. அப்புட்கள் பெறும் ஆற்றலில் ஏறக்குறைய பாதி அப்படலத்தினின்றே கிடைப்பதென அவர்கள் கணித்தனர். கண்ணுக்கு வெறும் வழுவழுப்பாய்த் தோன்றியது, நெடுவழிப் பயணிகளுக்குக் கட்டுச்சோறாய் முடிந்தது!

நிற்க. அவ்விடத்திலேயே சரக்குப்பெட்டிக் கப்பல்களுக்கு மற்றொரு பெருந்துறை அமைத்தற்குக் கனடா அரசாங்கம் 2023-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் 370 நிபந்தனைகளுடன் இசைவளித்தது. துறை அமைவதால் நீரின் உப்புத்தன்மை மாறி, உயிர்ப்படலத்தின் கொழுப்புச்சத்துக் குறையுமோ என்னும் ஐயத்தை அவ்வரசாங்கத்தைச் சார்ந்த விஞ்ஞானிகளே எழுப்பியிருந்தனர். புள்ளின் உணவு இன்னதென அறியப்படாதிருந்தால் இவ்வினாவே எழுந்திராது.

ஐசோடோப்பு ஒன்றே எல்லாவற்றையும் கூறிவிடுமோ எனின், கூறாது. இருவேறு உணவுகள் ஒரே விகிதமுடையனவாயின் அவற்றைப் பிரித்தறிய இயலாது. ஒரு பருவத்தில் எடுத்த சான்று பிறிதொரு பருவத்திற்குப் பொருந்தாமலும் போகலாம். ஆதலின் அதனைத் தனிச்சாட்சியாகக் கொள்ளாது, கண்கூடான காட்சியொடும் வயிற்றுச் சோதனையொடும் ஒப்புநோக்குதலே முறை. இக்குறை காட்டி அச்சான்றையே தள்ளுவோரும் உளர். பல சாட்சிகள் ஒத்துரைக்குமிடத்து, ஒரு சாட்சி முழுதுமறியான் என்பதனால் வழக்கைத் தள்ளும் நீதிபதி உளனோ?

வாணிகம் வேண்டா என்பது எம் கருத்தன்று. துறைமுகமும் மக்கள் வாழ்விற்கு வேண்டுவதே. ஆயின், தூர்ப்பதன்முன் அச்சேற்றில் வாழ்வன யாவை, அவை உண்பன யாவை என்று ஆராய்தலைச் சட்டம் கட்டாயமாக்குதல் வேண்டும். ஆராய்ச்சிக்குச் செல்லும் பொருள் சிறிது. தூர்த்த சேற்றுவெளியை மீட்டும் படைத்தலோ அரிதினும் அரிது. கண்ணாற் காண்பதும் பொய், காதாற் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்னும் நம் முதுமொழி மாந்தர் வழக்கிற்கு மட்டுமன்று, வாயற்ற உயிர்களின் வழக்கிற்கும் உரியதென உணர்வோமாக.