மாடி எழும்பும்போது காப்புறுதி

மகளின் கல்யாணம் நெருங்கினால் மேலே ஒரு மாடி எழுப்புவது வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நம்மவர் வழக்கம். மேசன் பாஸையும் சீமெந்து விலையையும் விசாரிக்கும் நாம், சகோதரிகளே, வீட்டுக் காப்புறுதிப் பத்திரத்தைப் புரட்டிப் பார்ப்பதில்லை. அது குடியிருக்கும் வீட்டுக்கென எழுதப்பட்டது. சுவரை இடித்துத் தூண் நிறுத்தும்போது நேரும் சேதத்தைப் பெரும்பாலும் ஏற்காது. வேலை முடியும்வரை வேறிடம் போய், வீடு முப்பது நாள் ஆளில்லாமல் கிடந்தால், திருட்டுக்கான பாதுகாப்பும் பல பத்திரங்களில் நின்றுவிடும்.

2017 மே 18 அன்று வெள்ளவத்தை சவோய் திரையரங்கருகே ஐந்து மாடிக் கட்டடம் சரிந்தது நினைவிருக்கும். இருபதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர்; உயிரிழப்பும் நேர்ந்தது.

கட்டட வேலைக்கென்றே 'கொந்தராத்துக்காரர் சகல இடர்' காப்புறுதி உண்டு. அடுத்த வீட்டுச் சுவர் வெடித்தால் ஈடு செய்யும் மூன்றாம் தரப்புப் பகுதி அதில் இருக்கிறதா? பழைய கீழ்வீடும் சேர்கிறதா, புதிய வேலை மட்டுமா? சாரத்திலிருந்து விழும் தொழிலாளிக்கு நட்டஈடு கொடுக்க 1934 ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. அந்தக் காப்புறுதியை எடுப்பது பாஸா, நாமா? "எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன், உம்மா" என்பார். பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள். வட்டிக்கு அஞ்சி ஒதுங்குவோருக்கு 1999 முதல் இங்கு தகாபுலும் உண்டு. எதுவானாலும், முதற் சுவரை உடைக்குமுன் கம்பனிக்குக் கடிதமூலம் அறிவித்து, பதிலையும் எழுத்தில் வாங்கி வையுங்கள்.