சித்திரத்தையல்



தாராவியில் ஒரு விசுவாசக் குடும்பத்தைச் சந்திக்கச் சென்றிருந்தேன். திருநெல்வேலிச் சீமையிலிருந்து முப்பது ஆண்டுகளுக்கு முன் வந்து குடியேறியவர்கள். ஒற்றை அறை வீடு. ஜெபிப்பதற்கு முன், "என்னம்மா செய்துகொண்டிருக்கிறீர்கள்?" என்று அந்த வீட்டுச் சகோதரியிடம் வழக்கம்போல் விசாரித்தேன். "ஒன்றும் இல்லை ஐயா, வீட்டில் சும்மாதான் இருக்கிறேன்" என்றார்கள். அதைச் சொல்லும்போது அவர்கள் மடியில் பாதி தைத்த கோதடி ஒன்று கிடந்தது.

மும்பையில் வாழ்கிறவர்களுக்குக் கோதடியைத் தெரியும். பழைய பருத்திப் புடவைகளை அடுக்கி, மேலே துண்டுத் துணிகளை வைத்து, நெருக்கமாக நூலோட்டித் தைக்கும் மராட்டியப் போர்வை. பக்கத்து வீட்டு மூதாட்டியிடம் கற்றுக்கொண்டார்களாம். "இந்த மஞ்சளுக்குப் பக்கத்தில் ஏன் கருநீலம் வைத்தீர்கள்?" என்று கேட்டேன். "மஞ்சள் தனியாக நின்றால் கண்ணைக் குத்துகிறது ஐயா; நீலம் பக்கத்தில் வந்தால் அடங்கிவிடும்" என்று உடனே பதில் வந்தது. சும்மா இருக்கிறவர்களுக்கு இப்படிப்பட்ட பதில் வராது.

என் குறையையும் சொல்லிவிடுகிறேன். அவர்கள் கொடுத்த நான்கு கோதடிகள் எங்கள் ஞாயிறு பள்ளியில் பிள்ளைகள் உட்காரும் விரிப்பாகப் பல ஆண்டுகளாகக் கிடக்கின்றன. தாலந்துகளைக் குறித்து எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். பாடுகிறவர்களையும் கீபோர்டு வாசிக்கிறவர்களையும் எண்ணினேன். காலுக்குக் கீழே கிடந்ததை எண்ணவில்லை.

யாத்திராகமம் 35-ஆம் அதிகாரத்தில் பெசலெயேலும் அகோலியாபும் பெயர் சொல்லி அழைக்கப்படுகிறார்கள். அதற்குச் சற்று முன்னே, ஆசரிப்புக் கூடாரத்திற்காகத் தங்கள் கைகளால் நூல் நூற்ற பெண்களும் வருகிறார்கள். ஞானமுள்ளவர்கள் என்ற சாட்சி அவர்களுக்கும் உண்டு, பெயர்தான் இல்லை. எம்பிராய்டரிக்கு நம்முடைய தமிழ் வேதாகமம் வைத்திருக்கும் சொல் சித்திரத்தையல். தையலோடு சித்திரத்தையும் ஒரே சொல்லில் கட்டிவைத்த மொழிபெயர்ப்பாளர்களுக்கு நான் நன்றிக்கடன்பட்டவன்.

இந்தச் சகோதரியைப் பார்த்தபோது, அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஆற்று வளைவுக்குள் ஒதுங்கிக் கிடக்கும் ஜீஸ் பெண்ட் என்ற சிற்றூர் என் நினைவுக்கு வந்தது. அடிமைகளாயிருந்தவர்களின் சந்ததியார் வாழும் ஊர். அங்குள்ள பெண்கள் கிழிந்துபோன வேலை உடுப்புகளையும் டெனிம் துணியையும் வெட்டி, குளிருக்குப் போர்வை தைத்தார்கள். தைக்கும்போதே பாடினார்கள், ஜெபித்தார்கள். நைந்த போர்வைகளைக் கொசுவுக்குப் புகை போட எரித்ததும் உண்டு. 1966-இல் அப்பகுதிப் பெண்கள் கூட்டுறவு அமைத்து விற்கத் தொடங்கினார்கள். கடைக்காரர்களுக்கோ எல்லாம் ஒரே மாதிரியாக வேண்டும். வீட்டில் தன் மனம்போலத் தைத்த துணிச்சலுக்கு அங்கே இடம் குறைந்தது. 2002-இல் அந்த வீட்டுப் போர்வைகள் ஹூஸ்டன் நகர அருங்காட்சியகத்தின் சுவர்களில் ஓவியங்களைப்போல் தொங்கின. பின்பு நியூயார்க்கிற்கும் சென்றன. 2006-இல் பத்துப் போர்வைகள் அந்நாட்டுத் தபால்தலைகளாயின. தாங்கள் ஓவியர்கள் என்பதை முதிர்வயதில், சுவரில் பார்த்து அறிந்துகொண்டவர்கள் அவர்களில் உண்டு. புகழ் வந்த பின்பும் பணம் ஒழுங்காக வந்து சேரவில்லை என்று 2007-இல் சிலர் வழக்குத் தொடுக்க நேர்ந்தது. கைத்தட்டினால் மட்டும் போதாது என்பதற்காக இதையும் சொல்லுகிறேன்.

நம் வீடுகளுக்கு எந்த அருங்காட்சியகமும் வரப்போவதில்லை. அந்தச் சகோதரி ஒரு கோதடியை இருநூறு ரூபாய்க்குக் கொடுத்துவந்தார்கள். ஒன்றுக்கு எத்தனை நாள் ஆகிறது என்று அவர்களுடைய மகளே கணக்கிட்டுப் பார்த்தாள். ஏறக்குறைய பதினைந்து நாள். அன்றுமுதல் விலையைச் சொல்லும் பொறுப்பை மகள் எடுத்துக்கொண்டாள்.

நான் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டேன்: "தைத்து முடித்ததும் ஓரத்தில் உங்கள் பெயரை எழுதுங்கள் அம்மா." வெட்கப்பட்டார்கள். அடுத்த மாதம் சென்றபோது கோதடியைக் காட்டினார்கள். மூலையில் பெயர் தைத்து, பின்பு பிரித்தெடுத்த ஊசித்துளைகள் தெரிந்தன. மனம் மாறிவிட்டதோ என்று நினைத்தேன்.

"பெயர் வேண்டாம் என்று இல்லை ஐயா," என்றார்கள். "வெள்ளை நூல் அந்த மூலைக்குச் சேரவில்லை. அரக்கு நிறத்தில் வாங்கிவரச் சொல்லியிருக்கிறேன்."